கெபி முனை வந்ததும்

சொட்டுற எடத்தையே பாத்துக்கிட்டு நிக்காத, அதுக்கு மேல எங்கயாவது... என்று பெரியப்பா சொன்னார், மீதி ஞாபகம் இல்லை. எங்கயாவது ஈரம் தெரியும் என்றாரா, வெடிப்பு இருக்கும் என்றாரா. ஹால் கூரை ஒழுகிய ஏதோ ஒரு ஐப்பசியில் ஸ்டூல் மேல் ஏறி நின்று டார்ச் லைட்டை மேலே அடித்துக்கொண்டு சொன்னது, அதற்குள் அம்மா காபி கொண்டுவந்திருப்பாள், அவருடைய பேச்செல்லாம் பாதியில் காபிக்குள் போய் முடிவதுதான். இப்போது அந்தப் பாதி எனக்குத் தேவையாக இருக்கிறது, அல்லது வேறொன்றை நினைக்காமல் இருப்பதற்காக மனசு அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது. அப்பா உள்ளே ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறார். நான் போர்ட்டிகோவில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மொசைக் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பெட்ரோல் பறந்துவிடும், அதோடு கலந்திருந்த அழுக்கு மட்டும் ஓரத்தில் மஞ்சளாக நிற்கும், நேற்றைய கறைக்குள் இன்றைய கறை, மரத்தை வெட்டினால் தெரியும் வளையம் மாதிரி. வீடு முழுக்க அந்த வாசனை. ஒரு மாதமாக இருக்கிறது, நான் வந்து சேர்ந்து மூன்றாவது மாதமோ என்னவோ ஆரம்பித்தது, முதலில் யாரோ தெருவில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். காலையில் ரெஜினா போனில், அண்ணா, திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது, வண்டிய எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துரு, அனிலாவ அப்பாதான் கொண்டுபோய் விடணும், நான் அந்த நேரத்துல ஆபீஸ்ல இருக்கணும் என்றாள். என் தங்கை எதைச் சொன்னாலும் ஏற்கெனவே பாதி நடந்துவிட்ட மாதிரிதான் சொல்வாள். சரி என்றேன். சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது, ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து யாரும் என்னிடம் குறிப்பாக எதையும் செய்யச் சொல்லவில்லை.

முதலில், திறந்து கிடந்த பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுத் துடைத்தேன். பழைய பனியன் துணியால் கார்புரேட்டர், அதற்கு வரும் ட்யூப், டாங்கியின் கீழே இருக்கும் டேப், எல்லாவற்றையும் காயத் துடைத்து, ரெஜினாவின் மகள் அனிலா விட்டுப்போன டால்கம் பவுடரை மேலே லேசாகத் தூவினேன். எங்கே முதலில் ஈரம் வருகிறதோ அங்கே பவுடர் கறுக்கும். டேப்பைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வராது, ஆனால் அதைச் செய்துதான் கனடாவில், எட்மன்டனில் சம்பளம் வாங்கினேன், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடுத்தவர் வீட்டு நிலவறைகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈரமான கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எழுதும் வேலை. எங்கிருந்து என்பதைவிட எப்போதிலிருந்து என்பதுதான் அங்கே கேள்வி. குழாய் திடீரென்று வெடித்தால் பணம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருந்தால் கிடையாது, ஏனென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதை வீட்டில் இருப்பவன் கவனித்திருக்க வேண்டும். எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேன், மரியாதையான ஆங்கிலத்தில், ஷூவில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு. ஒரு கிழவி, உக்ரேன்காரி, சுவரைத் தட்டிக் காட்டி, நான் தினமும் இங்கேதான் இருக்கிறேன், தினமும் பார்க்கிற சுவர் எப்படித் தெரியும் என்று கேட்டாள். ட்யூப் காய்ந்தே இருக்கிறது. டேப்பின் கழுத்தும். கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவில் ஒரு துளி சேர்ந்து, தொங்கி, யோசித்து, விழுந்தது. அந்த ஸ்க்ரூதான் என்று கை பரபரத்தது, ஸ்பேனரை எடுத்தும்விட்டேன், ஆனால் பவுடர் முதலில் கறுத்தது அங்கே இல்லை, அதற்குப் பக்கத்தில், ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில். அப்படியென்றால் ஸ்க்ரூவும் சரி, வாஷரும் சரி. உள்ளே பெட்ரோல் நிரம்பி வழிகிறது. நிரம்பியதும் வழியை அடைக்க வேண்டிய ஒன்று அடைக்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வெளியே வந்து, ஒரு கையில் பனியனைத் தூக்கி வயிற்றைச் சொறிந்துகொண்டு நின்றார். தூங்கினாரா இல்லையா தெரியவில்லை, முகத்தில் தலையணை மடிப்பு. என்னைப் பார்த்துச் சிரித்தார். கனடாவுல இதெல்லாமும் சொல்லிக் குடுத்தாங்களாடா என்றார். யூட்யூப்ல பாத்தேன் என்றேன். அது போதும், எல்லாரும் இப்ப அதுலதான் பிரசவமே பாக்குறானுங்க என்று சொல்லிவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தார். காலையில் வாசித்த அதே பேப்பர். எல்லாரும்தான் இரண்டு தரம் வாசிக்கிறார்கள். இந்த வீட்டில் சாயங்காலம் வேறு என்ன இருக்கிறது வாசிக்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டியா என்று கேட்டார், போட்டேன்ப்பா என்றேன். டேப்பை மூடி, கார்புரேட்டரைக் கழற்றி மடியில் வைத்தேன். கிண்ணத்தின் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று தலை தேய்ந்து ஸ்க்ரூ டிரைவரை வழுக்கிவிட்டுக்கொண்டிருந்தது, யாரோ முன்பு அவசரத்தில் தப்பான முனையை வைத்துத் திருகியிருக்கிறார்கள், அப்பாவாகத்தான் இருக்கும், தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் இந்த வண்டியைத் தொட விட்டதில்லை. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தபோது பாலம் பாலமாக இதில்தான் போனார். ரிட்டயர் ஆன பிறகு காலைப் பூசைக்கும், ரேஷனுக்கும், இப்போது பேத்தியை ஸ்கூலில் விடவும். சென்டர் ஸ்டாண்ட் போட்டியா. போட்டேன்ப்பா. கிண்ணம் கையோடு வந்தது, பெட்ரோல் விரலிடுக்கில் ஓடி முழங்கை வரை ஜில்லென்று போயிற்று, நகத்துக்குள் எரிந்தது. உள்ளே பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே சலசலப்பு இல்லை, ஓட்டை இல்லை. அப்புறம் ஊசி. தினைக்கதிர் நுனி அளவுக்கு ஒரு சின்ன ஊசி, ஃப்ளோட் மேலே எழும்பும்போது அது போய்த் துளையை அடைக்க வேண்டும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து ட்யூபில் வாயை வைத்து ஊதினேன். ஊசி சரியாக இருந்தால் காற்று போகக் கூடாது. போயிற்று, தூங்குகிறவன் மூச்சு மாதிரி மெல்ல, நிதானமாக.

ஊசியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது அதன் கூம்பில் ஒரு வளையம் தெரிந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஆழம். இது ஒரு மாதத்தில் விழுந்த வளையம் இல்லை. அங்கே இந்த மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வருடக்கணக்கு என்று எழுதியிருப்பேன். அப்படியானால் வருடக்கணக்காக வண்டி ஒழுகியிருக்க வேண்டும். ஒழுகவில்லை. தரையில் இதற்கு முன் கறை கிடையாது, அம்மா இருந்தவரை கிடையவே கிடையாது, ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். தேய்ந்த ஊசி, ஒழுகாத வண்டி. இங்கே மனசு சிக்கிக்கொண்டது, நூல்கண்டில் சிக்கு விழுந்த மாதிரி அங்கேயே இழுத்துக்கொண்டிருந்தேன், பிறகு சும்மா கண்ணுக்கு நேரே இருந்த டேப்பைப் பார்த்தேன். டேப். அப்பா டேப்பை மூடிவிடுவார். வீட்டில் வந்து அல்ல, தெருமுனையில் மாதா கெபி இருக்கிறதே, அந்தக் கல் குகை, நீல விளக்கு, அங்கே வந்ததும் இடது கையை இறக்கி, ஓடும் வண்டியிலேயே மூடிவிடுவார். கார்புரேட்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோலில் வண்டி தெரு நீளமும் ஓடி, சரியாக எங்கள் கேட்டுக்கு முன்னால் இருமிவிட்டு நிற்கும். ஒரு சொட்டு வீணாகாது, திருடனுக்கும் உடனே ஸ்டார்ட் ஆகாது என்பார். மாதாவுக்குக் கும்பிடு போடுறாரா, டேப்ப மூடுறாரா, அந்த ஆண்டவருக்கே வெளிச்சம் என்று அம்மா சொல்வாள். டேப் மூடியிருந்தால் ஊசி எப்படித் தேய்ந்திருந்தால் என்ன, மேலிருந்து வந்தால்தானே வழியும். ஊசி எப்போதோ போய்விட்டது. அவருடைய கை அதை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் போனது ஊசி அல்ல.

முந்தாநாள் காலை. நான் பால் பாக்கெட்டோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன், அப்பா பூசை முடிந்து வந்தார், கெபியைத் தாண்டினார், எஞ்சின் அதே சுருதியில் பாடிக்கொண்டே வந்தது, இறங்கவில்லை, இருமவில்லை. என்னையும் தாண்டினார். கேட்டையும் தாண்டினார். டிரான்ஸ்ஃபார்மர் வரை போய், நின்று, கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தார். என்னப்பா என்று கேட்டதற்கு, சும்மா, வண்டி எப்படி இழுக்குதுன்னு பாத்தேன் என்று சிரித்தார், நானும் சிரித்தேன், பால் உறையிலிருந்து தண்ணீர் என் கால் விரலில் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கொஞ்ச நேரம்தான் மனசில் நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஒரு காலை ஊன்றி அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் வீடு வந்தால் வண்டியை நிறுத்தினாரா, வண்டி நின்ற இடத்தை வீடு என்று எடுத்துக்கொண்டாரா. எஞ்சின் சத்தம் அடங்கும், அடங்கினால் அம்மா கேட்டைத் திறப்பாள், அவ்வளவுதான், யோசிக்க ஒன்றுமில்லை. டேப்பை மூட மறந்த அன்று வண்டி நிற்கவில்லை, வண்டி நிற்காததால் வீடு வரவில்லை. அய்யோ, சும்மா இரு, வயசான மனுஷன் ஒரு டேப்பை மறந்தால் அதற்கு இவ்வளவா, நீ ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பதில்லையா, போன வாரம் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடவில்லையா. மறதி. தமிழில் அது வீட்டுச் சொல், குழம்பில் உப்பு மறந்த மாதிரி, மன்னித்துவிடலாம். ஆங்கிலத்தில் எனக்கு உடனே வேறு சொல் வருகிறது, அதற்கு ஒரு டாக்டரும் ஒரு ஃபைலும் உண்டு, அதை மனசுக்குள் சொல்லக்கூட வாய் கூசுகிறது. பன். ரெஜினா சொல்லிச் சிரித்தாளே, லீவுக்கு முன்னாடி ஒரு நாள் தாத்தாவும் பேத்தியும் ஸ்கூலுக்குப் போகாம பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பன்னு வாங்கித் தின்னுட்டு லேட்டா போயிருக்காங்கண்ணா, கேட்டா ரெண்டும் கூட்டுக் களவாணி மாதிரி முழிக்குதுங்க. நானும் அதற்குச் சிரித்தேன். ஸ்கூல் ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்ட் ஒரு பக்கம். நடுவில் லாரிகள் திரும்புகிற அந்த ரவுண்டானா. அனிலா பின்னால் உட்கார்ந்து தாத்தாவின் சட்டையைப் பிடித்திருப்பாள், பெல்ட்டைப் பிடிக்கச் சொன்னால் கேட்க மாட்டாள். தாத்தா எங்கே போனாலும் அவளுக்குச் சந்தோஷம், வழி தப்பினால் அது அவளுக்கு ஊர்வலம். அவளாக யாரிடமும் சொல்ல மாட்டாள்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டியாடா. போட்டேன்ப்பா. நிமிர்ந்து பார்த்தேன், பேப்பரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு இதைக் கேட்டே தீர வேண்டும் போலவும் கேட்டால் கெட்டுப்போகும் போலவும் இருந்தது. கையில் ஊசியை உருட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, அப்பா, கெபிகிட்ட டேப்ப மூடிருவீங்கல்ல, இப்பவும் அப்படித்தானா என்றேன். அவர் பேப்பரை இறக்கினார்.

"பின்ன? மாதாவப் பாத்ததும் கை தானா போகும்டா. இன்னைக்குக் காலையிலகூட மூடினேன்."

இன்று காலை அவர் வண்டியை எடுக்கவேயில்லை. ஒழுகுகிறது என்று நான்தான் எடுக்க விடவில்லை, நடந்து போய்விட்டு வந்தார். அவர் பொய் சொல்லவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, நூற்றுக்கணக்கான காலைகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்திருக்கிறது அந்தத் தலைக்குள், மேலே இருப்பதை எடுத்துக் காட்டுகிறார். பிறகு என்ன நினைத்தாரோ, என் கையையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்து, நீதான் தொறந்து வச்சிருப்ப, அதான் ஒழுகுது என்றார், குரலில் ஒரு அவசரம். இருக்கும்ப்பா என்றேன். வாங்கி வைத்திருந்த ரிப்பேர் கிட்டைப் பிரித்தேன், புது ஊசி, புது வாஷர். ஊசி உட்காரும் துளையைத் துணியை முறுக்கி விட்டுத் துடைத்தேன். பெட்ரோல் வாசனையில் தலை கொஞ்சம் மிதந்தது. ஒரு வழி இருக்கிறது. பழைய ஊசியையே திரும்பப் போட்டுவிட்டு, பார்ட்டு கிடைக்கலப்பா, இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லயாம் என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். ரெஜினாவிடம் மாடியில் போய் நின்று போனில் மெதுவாகச் சொல்லலாம், அவள் ஒரு வேனை ஏற்பாடு பண்ணுவாள், அப்பாவுக்குத் தெரியாமல் டாக்டரிடம் சர்க்கரைக்கு என்று சொல்லி அழைத்துப் போகலாம், எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கலாம். இந்த வீட்டுக்கு அது தெரியாத வேலை இல்லை. அம்மாவின் ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அப்பாவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார், அப்பா எனக்குப் போன் செய்து, அவகிட்ட சொல்ல வேணாம்டா, வயித்துப் புண்ணுன்னு சொல்லிருக்கேன், நீயும் அப்படியே பேசு என்றார். அப்படியே பேசினேன். கனடாவில் நோயாளியை எதிரில் உட்கார வைத்து முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள், அது கொடுமை என்று எனக்கு அப்போது தோன்றியது. அம்மா கடைசி வரை வயித்துப் புண்ணுக்கு மோர் குடித்தாள். கடைசி வாரத்தில் போனில் என்னிடம், ஏன்டா பிரகாசம், புண்ணு இவ்வளவு நாளா ஆறாம இருக்கும் என்று கேட்டாள், கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் அங்க பனியா என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்து, எங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்தாளோ. அந்தப் படுக்கையில் அதை அவள் தனியாகவே வைத்துக்கொண்டிருந்தாள். இவருக்கும் தெரிந்திருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் நின்றாரே, அங்கே தெரிந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்தபோது தெரிந்திருக்கலாம். பன் வாங்குவதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். வழி தெரியாதவன் பதற்றத்தை மறைத்து, பிள்ளை பயப்படாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம்.

ஃப்ளோட்டை வைத்து, புது ஊசியை அதன் கொக்கியில் மாட்டி, கம்பியைச் செருகினேன். திருப்பிப் பிடித்து ஊதினேன். காற்று போகவில்லை, கன்னம்தான் உப்பியது. கிண்ணத்தை மூடி நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிராகத் திருகினேன், தேய்ந்த தலைக்காரன் இந்தத் தரம் சண்டை போடவில்லை. வண்டியில் ஏற்றி, ட்யூபை மாட்டி, டேப்பைத் திறந்து வைத்தேன். திறந்தே இருக்கட்டும். காத்திருந்தேன். குழாயின் வாய் காய்ந்தே இருந்தது, அடியில் விரித்த பேப்பர் காய்ந்தே இருந்தது. இனிமேல் அவர் டேப்பை மூடினாலும் மூடாவிட்டாலும் தரையில் ஒரு சொட்டு விழாது, எங்கேயும் கறை இருக்காது, எதுவும் யாருக்கும் தெரியவராது. நான் செய்த வேலை நன்றாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. கிக்கரை உதைத்தேன், இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். சத்தத்தைக் கேட்டபடி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை இடுக்கி, கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்பவர் மாதிரி நின்றார். நல்லா இருக்குடா, ஐடிலிங் கொஞ்சம் இறக்கு என்றார். இறக்கினேன். சரியாகச் சொன்னார், அந்தக் கால் சுற்றுதான் அதிகம் இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது, காது இவ்வளவு தெளிவாக இருக்கிற மனுஷன். இந்தக் காதை நம்பி விட்டுவிடலாம், ஒரு வாரம் பார்க்கலாம், நானே யாருடைய ஸ்கூட்டரிலாவது பின்னால் போய்க் கண்காணிக்கலாம், அவருக்குத் தெரியாமல், திருடனைப் பின்தொடர்வது போல என் அப்பாவைப் பின்தொடரலாம். எஞ்சினை நிறுத்தினேன். சாவியை உருவினேன். அப்பா கை நீட்டினார்.

"குடு, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். திங்கக்கிழமை பிள்ளைய ஏத்தணும்ல, கையில ஒரு பழக்கம் வேணும்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். போன் பக்கத்திலேயே இருந்தது, அதை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்து அவர் நாற்காலிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன், அவரும் உட்காரும் வரை காத்திருந்தேன். இனி அனிலாவை அவர் வண்டியில் ஏற்ற வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன், அவருக்கு வழி மறந்துபோகிறது என்பதை, ரெஜினாவிடம் சொல்வதற்கு முன்னால், அவரிடமே சொன்னேன்.